ஆறு ஷெட்டுக்கும் ஒரே வெளிச்சம்

திரையில் ஆறு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்ததைப் பார்த்ததும் சண்முகப்பிரியாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். எவனோ கை வைத்திருக்கிறான்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் அவர்களுடைய கோழிப்பண்ணை. ஆறு ஷெட்டு, ஷெட்டுக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர், திரையில் ஷெட்டுக்கு ஒரு கோடு. விளக்கு எப்போது எரியணும், எப்போது மங்கணும் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நூறு திட்டம் போட்டுப் பார்க்கும். முட்டை குறைந்த திட்டம் சாகும், கூடிய திட்டம் இன்னொன்றோடு கலந்து புதுத் திட்டமாகக் குட்டி போடும். எப்போதாவது ஒரு நல்ல திட்டத்தைப் பக்கத்து ஷெட்டுக்கு அனுப்புவாள், அவ்வளவுதான். அதற்குமேல் கலந்தால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்புறம் ஒரு தப்பு போதும், ஆறும் சேர்ந்து படுத்துவிடும். நோய் பரவிவிடும் என்று, மருந்துத் தண்ணீரில் காலை முக்காமல் யாரையும் ஷெட்டுக்குள் விடாத பண்ணையில் இதை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அப்படியும் ஒன்றாகிப்போனால் வெளியிலிருந்து புதுசாக ஒன்றைச் சேர்த்துக்கொள் என்று கம்ப்யூட்டருக்கு அவளே ஒரு விதி எழுதியிருந்தாள்.

ஆனால் ஷெட்டுகளை இணைக்கும் ஒயரைப் போன வாரமே பிடுங்கிவிட்டாளே.

"மாதேஸண்ணா, ஒயரை யாராச்சும் மறுபடி மாட்டுனீங்களா?"

"நானெதுக்குங்க அதைத் தொடப்போறேன்" என்றார் சூப்பர்வைசர் மாதேஸ்வரன். சொல்லும்போதே அவர் தலை வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி, நேரானது. பொய் சொல்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரம். தீவன வாசமும் எச்சத்தின் காட்டமும் மூக்கில் ஏற, ஃபேன்களின் உறுமலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கோழிகள் ஓயாமல் முனகிக்கொண்டிருந்த முதல் ஷெட்டுக்குள் காலை முக்கிவிட்டு நுழைந்தாள். விளக்கு ஒரு நொடி மங்கியது. முனகல் நின்றது. அத்தனை தலையும் இடப்பக்கம் திரும்பின. பிறகு முனகல், விட்ட இடத்திலிருந்து.

அடுத்த ஷெட்டிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

சுவரோரமாகவே ஒயரைத் தேடிக்கொண்டு போனாள். ஒவ்வொரு ஷெட்டு விளக்குப் பெட்டியிலிருந்தும் ஒரு கறுப்பு ஒயர் புதுசாகக் கிளம்பி, முருங்கை மரத்தைத் தாண்டி, அவள் வீட்டு ஜன்னலுக்குள் போயிற்று. கரண்ட் போனால் ஷெட்டு ஜெனரேட்டரில் ஊட்டுக்கும் விளக்கு எரியட்டும் என்று அவள் புருஷன் மோகன்குமார் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறும் அங்கே ஒன்று சேர்ந்திருக்கின்றன. வீட்டுக்குள் போக யார் காலை முக்குகிறார்கள்? மாதேஸ்வரன்கூட அங்கேதான் உட்கார்ந்து காபி குடிக்கிறார். அவளோ வேலை வேலையென்று ஆபீஸ் அறையிலேயே கிடந்தாள்.

வெண்ணிலா.

நாலு வயசு மகள். பத்துப் பதினைந்து நாளாக அடம் இல்லை, அழுகை இல்லை. ஷெட்டில் கோழிகளுக்குத் தீவன வண்டி கிளம்பும் நேரத்துக்குத் தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்கிறாள். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாளே பாவி.

ஓடினாள்.

கூடத்து விளக்கடியில் அப்பாவும் மகளும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"சாமி, எந்திரி. அம்மாகிட்ட வா."

எழவில்லை. விளக்கு மங்கியது. இரண்டு தலையும் இடப்பக்கம் திரும்பின. நேராயின.

சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அணைக்காத புள்ள" என்றான் மோகன்குமார், சாதாரணமாக. "எல்லாம் ஒண்ணாயிருச்சு. புதுசா ஒண்ணு வேணுமாம்."

பின்னால் கதவு சாத்தப்பட்டது. மாதேஸ்வரன் நின்றிருந்தார். வெளியே ஷெட்டுகளில் முனகல் நின்றுபோயிருந்தது.

வெண்ணிலா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். "வாம்மா."

மகளைத் தூக்கக் குனிந்தாள். விளக்கு மங்கியது. மூன்று தலைகள் திரும்பின. வெண்ணிலாவின் கண் மட்டும் அம்மாவின் கழுத்தைவிட்டு நகரவில்லை.

சண்முகப்பிரியா இரண்டு கையாலும் தன் தாடையை இறுக்கிப் பிடித்தாள்.

கைக்குள்ளேயே அது மெதுவாக இடப்பக்கம் நகர்ந்தது.