சிறுத்தையின் வாயுக்குழாய்

வீட்டைப் பூட்டுமுன் மரகதம் தினமும் மூன்றைச் சரிபார்ப்பாள்: காற்று, தண்ணீர், துப்பாக்கி. செவ்வாய்க் கிரகத்துப் பள்ளத்தாக்கின் வடகரையில் தோளில் துப்பாக்கி இல்லாவிட்டால் வாசல் கதவே திறக்காது. தென்கரையிலும் அதே சட்டம்தான். ஐம்பது வருடத்துக்கு முன் ஒரே ஊராக இருந்தவர்கள், ஒரு பனிச்சுரங்கத்துக்காக முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். பிரிந்த கையோடு காற்றுக்குழாயின் திருகுமரையை வடக்கே வலமாகவும் தெற்கே இடமாகவும் மாற்றிக்கொண்டார்கள். எதிராளி நம் காற்றைத் திருடிவிடக் கூடாதாம். என்னே புத்தி.

துப்பாக்கியில் மட்டும் யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை. பூமியிலிருந்து வந்த ஒரே வரைபடம். இங்கே பெயர் வேங்கை, அங்கே சிறுத்தை. சிறுத்தையின் ஓர் ஆணிகூட வேங்கையில் ஏறாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பிடிபட்ட தெற்கத்தித் துப்பாக்கிகளைக் கழற்றிப் பிரிக்கும் கிடங்கில் மரகதத்துக்கு வேலை. சிறுத்தையின் தோட்டாக்கூடு மயிரிழை பெரிது, பிடிக்கட்டையின் திருகு வேறு, மற்றதெல்லாம் கச்சிதமாகப் பொருந்தும் என்று அவள் கைக்குத் தெரியும். இருந்தும் மேலிடம் சொன்னபடி எல்லாவற்றிலும் 'பொருந்தாது' என்று முத்திரை குத்துவாள். வேலை போனால் யார் சோறு போடுவது?

அன்று எல்லைக்கோட்டருகே பாறை சரிந்தது. அவளும் கணவன் சடையப்பனும் வந்த வண்டி துப்பாக்கிகளோடு நசுங்கியது. அவனுடைய காற்றுப்புட்டி உடைந்துபோனது. தன்னுடையதைப் பகிர்ந்தாள், இருவருக்கும் பத்து நிமிடம் தாங்கும்.

தெற்கத்தி லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்த ஜமாலுதீன் காற்றுக்குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். மரை சேரவில்லை.

"ஏறமாட்டேங்குதேம்மா," என்றார்.

"அண்ணே, உங்க துப்பாக்கி மேல இருக்கிற வாயுக்குழாயக் கழட்டுங்க."

துப்பாக்கித் தூசியை ஊதித் தள்ள ஒவ்வொரு உடையிலும் ஒரு காற்றுவாய் உண்டு, லாரியின் காற்றுத்தொட்டியில் நீளமான ஓர் ஊதுகுழல் உண்டு. இரண்டிலும் பூட்டுவது அந்த வாயுக்குழாயைத்தான்; அதன் இரு முனையும் ஒரே அளவு, காற்று எந்தப் பக்கமும் போகும்.

"உங்காளுங்க உடுப்புல அது சேராதுன்னுல்ல சொல்வாங்க?"

"சேரும்ண்ணே. சேராதுன்னு இருபது வருசமா முத்திர குத்துறவளே நான்தான்."

ஒரு முனை லாரியின் ஊதுகுழலில் பூட்டிக்கொண்டது. மறுமுனையைச் சடையப்பன் உடையில் வைத்துத் திருகினாள். வெண்ணெயில் விரல் போல இறங்கியது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அவள் ஜமாலுதீனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்க வீட்டுக்காரர் உசிர மீட்டுக் குடுத்திருக்கீங்க. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"நாளைக்கு நான் கெடப்பேன், நீ வருவே. அவ்வளவுதான் தங்கச்சி."

செய்தி இரு கரையையும் உருக்கிவிட்டது. ஐம்பது வருடத்தில் முதல்முறையாகக் கூட்டாக ஒரு நன்றிவிழா எடுத்தார்கள். மேடைக்கு அழைத்தபோது மரகதம் முத்திரை விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். பிறகு கும்பிட்டுக் கேட்டாள்: "காத்துக்குழாய் மரைய ரெண்டு பக்கமும் ஒண்ணாக்கிடுங்கய்யா. எல்லா நேரமும் ஒரு ஜமால் அண்ணன் வரமாட்டாரு."

தலைவர்கள் இருவரும் காதோடு காது பேசி, கண் கலங்கித் தழுவிக்கொண்டார்கள். தீர்மானம் அங்கேயே நிறைவேறியது: உயிர் காத்த ஆயுதத்துக்கு நன்றியாக, இனி வெளியே போகும் எவரும் இரண்டு துப்பாக்கி சுமக்க வேண்டும், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிறிய அளவில் செய்து தரப்படும். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

"மரை, ஐயா?" என்றாள் மரகதம்.

வடகரைத் தலைவர் அவள் தோளைப் பாசத்தோடு தட்டினார். "அதுக்கென்னம்மா இப்ப அவசரம்? துப்பாக்கிதான் பொருந்துதே."