பக்கத்து சீட்டின் பெல்ட்

அந்த பெல்ட் சீட்டில் படியவில்லை. மூக்கரின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். யாரும் உட்காராத பக்கத்து சீட்டில் பெல்ட்டைக் குறுக்கே இழுத்துக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தார்கள். அது ஒன்றும் புதிதல்ல. சீட்டுக்கு அடியில் இருக்கும் சென்சார் கெட்டுப்போய், ஆளில்லாத இடத்தில் ஆள் இருப்பதாக நினைத்து வண்டி கத்திக்கொண்டே இருந்தால், அதன் வாயை மூடப் பாதிப் பேர் செய்கிற வேலைதான். ஆனால் அப்படி மாட்டிய பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவேண்டும். இது ஒரு சாண் முன்னால், விறைப்பாக, வளைந்து நின்றது. பழைய பெல்ட், விறைத்துப்போயிருக்கும் என்று மனதில் குறித்துக்கொண்டு அவர் அடுத்த வேலையைப் பார்த்தார்.

மூக்கர் என்பது கார் தரகர்கள் அவருக்கு வைத்த பெயர். அந்த மூக்கைச் சும்மா சொல்லக்கூடாது. பழைய காரின் கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும்; முன்பு வைத்திருந்தவன் சிகரெட் பிடித்தானா, நாய் வளர்த்தானா, கைக்குழந்தை பால் கக்கியதா, வண்டி வெள்ளத்தில் நின்றதா, எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிப்போவார்கள். விற்கிறவர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

இன்றைக்கு வாங்குகிறவன் அவருடைய தங்கை மகன். பல் டாக்டர். நாளெல்லாம் ஊரார் வாய்க்குள் பார்த்துப் பார்த்து அலுத்தவனுக்கு, இரண்டே சீட் உள்ள, தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும் ஒரு கருஞ்சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்மேல் ஆசை வந்துவிட்டது. அவன் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தாள், மாமா பார்த்துச் சரி என்றால்தான் என்று. அவள் அப்படிச் சொன்னதுதான் மூக்கரை அறுத்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் புருஷனுக்கு ஒரு காரைப் பார்த்துச் சரி சொன்னதும் அவர்தான். அன்றைக்கு ஏதோ அவசரம், பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பார்க்கவில்லை. இழுத்திருந்தால் அடியில் சேற்றுக் கறை தெரிந்திருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி. நாலாம் மாதம் ஒரு பாலத்தின்மேல் விளக்கு, பிரேக் எல்லாம் ஒன்றாகச் செத்தன. அவள் புருஷன் வீடு திரும்பவில்லை. தங்கை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் கையில் வந்த எந்த வண்டியிலும் ஒரு பெல்ட்டைக்கூட முழுக்க இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை.

கார் நின்றது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், லிஃப்டிலிருந்து வெகு தூரத்தில், கடைசித் தூணுக்குப் பக்கத்தில். சாயங்காலம் ஐந்து மணிதான், வெளியே மழை. உள்ளே எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தமும், ஈரச் சிமெண்டு வாடையும், ஆள் நடந்தால் எரிந்து ஆள் நின்றால் அணைகிற விளக்குகளும். விற்கிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கார் அவருடைய செத்துப்போன அண்ணனுடையது. அண்ணன் கல்யாணம் காட்சி இல்லாத தனிக்கட்டை, தான் மட்டும்தான் ஓட்டுவார், யாரையும் ஏற்றமாட்டார் என்றார். சாவியை எட்ட நின்றே கை நீட்டிக் கொடுத்தார்.

"எல்லாம் பாருங்க. அந்தப் பக்கத்து பெல்ட்ட மட்டும் கழட்டாதீங்க. கத்தும்."

சர்வீஸ் புத்தகம் எடுத்துவர மேலே போனார். அவர் போகப் போக விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, பின்னாலேயே அணைந்தன.

மூக்கர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். முப்பது வருடத் தொழிலில் அவர் கண்டது, விற்கிறவர் எதைத் தொடாதே என்கிறாரோ வியாதி அங்கேதான் இருக்கும். இருந்தாலும் முறைப்படியே போனார். பானட்டில் உள்ளங்கை வைத்தார்; ஆறியிருந்தது, நல்லது, சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. பெடல் ரப்பர்கள் தேயவில்லை. ஸ்டியரிங் தோல் வழுவழுப்பாகாமல் இருந்தது. ஏறி இறங்கும்போது உரசுகிற டிரைவர் சீட்டின் ஓரம்கூடப் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. மீட்டர் காட்டிய முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் உண்மைதான். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்த அடியில் இருந்த தண்டவாளங்களில் துரு இல்லை. கார்ப்பெட்டில் காகிதத்தை வைத்து அழுத்திப் பார்த்தார், ஈரம் இல்லை. மருமகனுக்கு யோகம்தான் என்று தோன்றியது.

பிறகு அந்தப் பக்கம் பார்த்தார்.

பக்கத்து சீட் குழிந்திருந்தது. ஒருநாள் இருநாள் குழியல்ல. வருடக்கணக்கில் ஓர் ஆள் எழுந்திருக்காமல் உட்கார்ந்தால் விழுகிற குழி. தலை சாய்க்கும் இடத்தில் தோல் கறுத்து மின்னியது. கதவின் உள்கைப்பிடி, யாரையுமே ஏற்றாத மனிதரின் காரில், வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரியத் தேய்ந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியின் உட்புறம், நெற்றி முட்டும் உயரத்தில் ஓர் எண்ணெய்ப் பிசுக்கு. எட்டித் துடைத்தார். போனது. டேஷ்போர்டு இடுக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், பிசுக்கு அதே இடத்தில் இருந்தது.

அப்புறம் அந்த வாடை. எலுமிச்சை வாசனைத் தெளிப்பான் எதுவும் அடித்து மறைக்கவில்லை. தோல் வாடை இருந்தது, பழைய பசை வாடை இருந்தது, அவற்றுக்கு அடியில் வெதுவெதுப்பாக இன்னொன்றும் இருந்தது. அழுகலா? இல்லை. எலியா? இல்லை. மூக்கர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் இழுத்தார். தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவருக்குப் பெயர் தெரியாத ஒரு வாடை. அவருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோயிருக்கலாம். ஆனால் என்ன கோளாறு என்று தெரியாமல் எப்படிச் சொல்வது? தங்கை கேட்டால்? ஒருதரம் பார்க்காமல் விட்டதன் பலனை அவள் வெள்ளைப் புடவை கட்டாமலே ஒன்பது வருடமாக அனுபவிக்கிறாள். சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே சீராக உறுமியது. ஒரு குறை சொல்லமுடியாது. எஞ்சியிருந்தது அந்த பெல்ட் மட்டும்தான்.

கொக்கியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

சாதாரண பெல்ட் விட்டதும் விருட்டென்று ஓடிச் சுருண்டுகொள்ளும். இது ஓடவில்லை. மெதுவாக, ஓர் ஆள் கையால் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கிவிடுவது போல, உயர்ந்து, நின்று, பிறகுதான் கூட்டுக்குள் போனது.

வண்டி கத்த ஆரம்பித்தது. டிங். டிங். டிங். டேஷ்போர்டில் சிவப்பாக ஓர் ஆள் உருவம் மின்னியது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். சென்சார்தான், வேறென்ன, என்று மூக்கர் வாய்விட்டே சொன்னார். சொல்லிக்கொண்டே சீட்டில் கை வைத்தார்.

சூடாக இருந்தது.

கையை எடுத்துக்கொண்டார். டிங். டிங்.

நின்றுவிட்டது.

பெல்ட்டை யாரும் மாட்டவில்லை. அது கதவோரம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் நின்றது. சிவப்பு உருவம் அணைந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருக்க, குழிந்திருந்த சீட் விரல்கடை விரல்கடையாக மேலே எழும்பியது. முழுக்க எழும்பி, புது சீட் போலச் சமமாக நின்றது.

எப்படியோ சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். அவர் அசையாமல் இருந்ததால் தலைக்கு மேலே இருந்த விளக்கு அணைந்தது. இருட்டு. தண்ணீர் சொட்டும் சத்தம். தன் மூச்சு.

காருக்கு முன்னால் ஒரு விளக்கு எரிந்தது.

அதன் கீழே யாரும் இல்லை. அதற்கு அடுத்த விளக்கு எரிந்தது. அதற்கும் அடுத்தது. அவசரமே இல்லை. நடை பழகுகிற ஆளின் வேகம். ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போய், சரிவுப்பாதைக்குப் பக்கத்தில், வெளியார் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றது. அங்கே ஒரே ஒரு வண்டிதான் நின்றிருந்தது. மூக்கரின் பழைய கார். மற்ற விளக்குகள் அணைந்தன. அது மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

பூனை, என்றார் மூக்கர். பூனைதான்.

லிஃப்ட் திறந்தபோது அவர் காருக்கு வெளியே, தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தப் பெண்மணியும், கிளினிக்கிலிருந்து நேரே வந்த மருமகனும் பேசிக்கொண்டே வந்தார்கள். பெண்மணி காருக்குள் எட்டிப்பார்த்தார். பெல்ட் தொங்குவதைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

"கழட்டிட்டீங்களா?"

மூக்கர் தலையாட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். ஆனால் அந்த அம்மாள் கதவைத் திறந்து, அதுவரை எட்டியே நின்றவர், பக்கத்து சீட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

"அண்ணன் சாகறவரைக்கும் கழட்டல" என்றார். "பரவாயில்லங்க. கார் வேணாம்னாலும் பரவாயில்ல. நான் வெச்சிக்கிறேன்."

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா இப்படி வெளுத்துப்போய் அவன் பார்த்ததில்லை. வேண்டாம், கேட்காதே, வண்டி சரியில்லை என்று மட்டும் அவர் சொன்னார். நல்ல பிள்ளை, முகம் தொங்கிப்போனாலும் மறுபேச்சு பேசவில்லை. அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் மூக்கருக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை தப்பு நடக்கவில்லை. தங்கையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம்.

தன் காருக்கு வந்தபோது மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தார். முன் சீட், பின் சீட், சீட்டுக்கு அடியில்கூட. யாரும் இல்லை. மருமகன் முன்னால் ஏறி உட்கார்ந்தான், பெல்ட்டை இழுத்து மாட்டினான், கொக்கி சொடக்கென்று விழுந்தது. மூக்கர் வண்டியை எடுத்தார்.

வெளியே மழை வலுத்திருந்தது. சாலையில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன. வைப்பர் இப்படியும் அப்படியும் போனது. மருமகன் அம்மாவுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தான். மாமா வேண்டாம்னுட்டார், பத்திரமா வந்துக்கிட்டிருக்கோம் என்று எழுதுவதை அவனே வாசித்தும் காட்டினான். மூக்கருக்கு மெல்ல மெல்ல உயிர் திரும்பியது.

"உங்க கார் சீட் என்ன மாமா, இப்படி அமுங்குது" என்றான் மருமகன். பிறகு மூக்கை உறிஞ்சினான். "ஜன்னலக் கொஞ்சம் எறக்குங்களேன். நாத்தம் தாங்கல."

மூக்கருக்கும் வந்தது. தோல் இல்லை, பசை இல்லை. அடியில் இருந்த அந்த வெதுவெதுப்பு மட்டும்.

"எனக்குத் தெரிஞ்ச வாடைதான் மாமா இது" என்றான் அவன், ஃபோனிலிருந்து தலை எடுக்காமல். "தாடை கட்டிப்போட்ட பேஷண்ட் வருவாங்க. மாசக்கணக்கா வாயே தெறந்திருக்கமாட்டாங்க. கட்டப் பிரிச்சதும் மொதல்ல ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க. அது."

சிக்னலில் சிவப்பு. வண்டி நின்றது. மூக்கர் திரும்பினார்.

மருமகனின் ஜன்னல் கண்ணாடியில், நெற்றி முட்டும் உயரத்தில், ஓர் எண்ணெய்ப் பிசுக்கு. அதைச் சுற்றி மூச்சுப் பனி படிந்தது, மறைந்தது, படிந்தது. அவன் வாயோ கண்ணாடிக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

பெல்ட்டைப் பார்த்தார்.

அது அவன் மார்பில் படியவில்லை. ஒரு சாண் முன்னால். விறைப்பாக. வளைந்து.

கழட்டவேண்டும். கதவைத் திறந்து அவனை வெளியே தள்ளவேண்டும். அவனைத் தாண்டி எதையும் தொட்டுவிடாமல், கையைத் தாழ்த்தி, சீட் இடுக்கில் துழாவிக் கொக்கியைத் தேடினார்.

கொக்கியின்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. வெதுவெதுப்பாக, பொத்தானை இறுக மூடிக்கொண்டு.

மருமகன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான், இரண்டு கையாலும்.