மணிக்கட்டில் மஞ்சள்

ஆய்வகத்துக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் எவரும் நீலவொளி வாயிலில் கைகளை நீட்டியாக வேண்டும். நாங்கள் செய்யும் செயற்கைப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதச் சங்கிலி, எதுவும் எங்கள் தோலில் ஒட்டி ஊருக்குள் போய்விடக் கூடாது. அதற்காகவே ஒவ்வொரு பெப்டைடின் நுனியிலும் ஓர் ஒளிர்குறியைக் கோத்தோம். வேதியியலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். எது சிந்தினாலும் யாருடையது என்று விளக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

என் மனைவி பிலோமினாவின் நிறம் மஞ்சள்.

கடைசியாகச் செய்த பெப்டைடில் அவள் ஒரு கொழுப்புச் சங்கிலியை இணைத்திருந்தாள். தோலின் அடியடுக்கைப் பற்றிக்கொண்டால் அது கழுவினாலும் போகாது. மேசையருகே மயங்கி விழுந்தபோது, கிழிந்த கையுறையோடு என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். ஆம்புலன்சிலேயே பிடி தளர்ந்துவிட்டது. பகல் வெளிச்சத்தில் என் கையில் ஒன்றும் தெரியாது. நீலவொளியில் மட்டும் நான்கு விரல்கள் தெரியும்.

வாயிற்காவலர் அந்தோணி தினமும் கேட்பார். "என்ன சார், இன்னைக்கும் அக்காவக் கூட்டிட்டு வந்துட்டியளா?"

"விட்டுட்டு வந்தா ஏசுவால்லா."

இறந்தவரின் நிறம் என்பதால் வாயில் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஓராண்டு கழித்து, ஒரு திங்கட்கிழமை, அது அலறியது.

கருவியால் பிரித்தறிய முடிந்த நிறங்கள் குறைவு. இறந்தவரின் நிறம் ஓராண்டு ஓய்வுக்குப் பின் புதியவருக்குப் போகும். மஞ்சள் அன்று, புதிதாகச் சேர்ந்த ஜெனிட்டாவுக்குப் போயிருந்தது. என் மணிக்கட்டில் இருப்பது இனி அவளுடைய கசிவு. மாலைக்குள் நீங்காவிட்டால் அவள் வேலை போய்விடும்.

ஒளிர்குறியை அறுக்கும் நொதிக் குப்பியோடு ஜெனிட்டா ஓடி வந்தாள். அழுதிருந்தாள்.

"வேற நிறம் கேட்டேன் சார், தரமாட்டேங்காவ. உங்களுக்கு மனசில்லன்னா சொல்லிருங்க. நான் ஊருக்குப் போயிருதேன்."

"ஊத்தும்மா."

விளக்கடியில் விரல்கள் ஒவ்வொன்றாக மங்கின. சுண்டுவிரல்தான் நெடுநேரம் நின்றது. அதுவும் போனபோது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"எரியுதா சார்?" பதறி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வேலைக்கு நடுவே வந்தவள், கையுறையைக் கழற்றவில்லை. மீண்டும் நான்கு விரல்கள் ஒளிர்ந்தன. அதே இடம், அதே மஞ்சள். விரல்கள் மட்டும் கொஞ்சம் குட்டை.

"ஐயோ! இது சாதா பெப்டைடுதான் சார், தண்ணியிலயே போயிரும்."

போய்விட்டது.

மறுநாள் வாயில் சத்தமில்லாமல் திறந்தது. அந்தோணி ஒன்றும் கேட்கவில்லை. நான் கைகளை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன்.