எட்டு மார்க் காட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வெளியேற்ற வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசலில் எண்ணூறு பேர் அதிர்ச்சி அடைவதற்காக வரிசையில் நின்றார்கள்.

ஐரோப்பாவில், டான்யூப் நதி ஓடும் ஒரு தலைநகரம் அது. பெயர் வேண்டாம். நூற்றைம்பது வருடம் கழித்து நடக்கப்போகும் விஷயத்துக்கு இப்போதே ஓர் ஊரைக் கோபப்படுத்துவானேன்? வரிசையில் சிலர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார்கள். ஒருத்தர் அவசரமாக வாழைப்பழம் தின்றார். வெறும் வயிற்றில் அதிர்ச்சி சரியாக ஏறாது என்று ஒரு நம்பிக்கை.

விஷயம் இதுதான். எழுபது வருடங்களுக்கு முன்பு அந்த நகரம் தன் ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கைத் துரத்தியடித்தது. பதினான்கு நாள் கெடு, தலைக்கு ஒரு பை, பைக்கு இருபது கிலோ. பிறகு ஆட்சி மாறியது. நாடே வெட்கப்பட்டு, அழுது, அருங்காட்சியகம் கட்டி, ‘வரலாற்றைக் கண்டு அதிராதவர் அதைத் திரும்பச் செய்வார்’ என்று வாசலில் ஆளுயர எழுத்தில் பொறித்துவைத்தது. வாசகம் அழகாக இருக்கவே அதையே சட்டமாகவும் ஆக்கிவிட்டார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு அதிர்ச்சி ரத்தத்திலேயே ஊறியிருக்கும் என்று சட்டம் எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து குடியேறியவர்கள் மட்டும் ஆண்டுதோறும் அருங்காட்சியகத்துக்கு வந்து அதிர்ந்து காட்ட வேண்டும். வருடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் அதிராதவர்களை என்ன செய்வது? வெளியேற்றுவதுதான். இதில் எங்கோ இடிக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிர்ச்சியை அளப்பதற்குத் திடுக்குமானி இருந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஓர் அரிசி அளவு. இதயத்துடிப்பு, வியர்வை, மயிர்க்கூச்செறிவு, ரத்தத்தில் ஊறும் ரசாயனங்கள் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஓர் எண்ணாகக் காட்டும். அறுபது எடுத்தால் பாஸ். ஏமாற்ற முடியாது. பச்சை மிளகாயைக் கடித்துப் பார்த்தார்கள், தொடையைக் கிள்ளிப் பார்த்தார்கள், செத்துப்போன மாமனாரை நினைத்து அழுதும் பார்த்தார்கள். வலி வேறு, அழுகை வேறு, அதிர்ச்சி வேறு என்று அந்த அரிசிக்குத் தெரிந்திருந்தது.

வரிசையில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக நின்ற பூங்கோதைக்கு இது அந்த வருடத்தின் மூன்றாவது வாய்ப்பு. முதல் தடவை ஐம்பத்திரண்டு, இரண்டாவது தடவை நாற்பத்து நான்கு. அரக்கோணத்திலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகிறது. குடிநீர் நிலையத்தில் வேலை. கணவன் தணிகைவேல் டிராம் வண்டிகளின் இயந்திர ஓட்டுநர்களைப் பழுதுபார்ப்பவன். அவனும் இரண்டு முறை தோற்றுவிட்டான், அவனுடைய மூன்றாவது முறை இரண்டு வாரத்தில். மகள் நறுமுகைக்கு எட்டு வயது. அந்த மண்ணில் பிறந்த பிள்ளை என்பதால் அவளுக்குப் பரீட்சை கிடையாது. ஆனால் பதினெட்டு முடியும்வரை அவளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும் முடியாது. அப்பா அம்மா இரண்டு பேரும் தோற்றால் பிள்ளை அரசு விடுதிக்குப் போக வேண்டியதுதான். பூங்கோதை மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

“சார் சொன்னதை ஞாபகம் வெச்சுக்கோ கோதை. சின்ன மார்க்குல நேரத்தை விடாத” என்றான் தணிகைவேல், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

“தெரியும்ங்க. நீங்க பாப்பாவைப் பாத்துக்குங்க.”

சார் என்றால் மாசிலாமணி சார். தமிழர்களிடம் பரீட்சை என்று ஒன்றைக் காட்டினால் போதும், எதிர்த்த தெருவில் ஒரு பயிற்சி மையம் முளைத்துவிடும். மாசிலாமணி சார் அருங்காட்சியகத்தின் நூற்றுப் பதினோரு காட்சிகளையும் அப்படியே பிரதியெடுத்து, போன வருடங்களில் பாஸானவர்களை விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி மதிப்பெண் போட்டிருந்தார். குழந்தையின் ஒற்றைக் காலுறை, பதினாலு. காலியான பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடு, இருபத்தொன்று. “நாற்பத்தேழு, கையால சுத்திக் காபிக்கொட்டை அரைக்கிற மெஷின். எட்டு மார்க்தான். சாய்ஸ்ல விட்டுடுங்க” என்பார். பூங்கோதை நாற்பது மாதிரித் தேர்வு எழுதியிருந்தாள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். முதல் மாதிரித் தேர்வில் அந்தக் காலுறையைப் பார்த்து அவளுக்கு நெஞ்சை அடைத்தது. நாற்பதாவதில் அதன் பூவேலை எத்தனை இதழ் என்பதுகூட மனப்பாடம். மார்க் குறைகிறதே என்று சாரிடம் போய் நின்றபோது, இன்னும் பத்து மாதிரித் தேர்வு எழுதச் சொன்னார்.

உள்ளே தொண்ணூறு நிமிடம். முதல் அறையில் காலுறை அவளுக்குக் கொடுத்தது மூன்று. பதிவேடு ஐந்து. கடைசி ரயிலின் கதவில் இருந்த நகக்கீறல்களுக்கு, சார் முப்பது தேறும் என்று சத்தியம் செய்திருந்தார், அதற்குப் பதினொன்று. ஐம்பது நிமிடம் போனபோது மணிக்கட்டில் இருபத்து மூன்று. உள்ளங்கை வியர்த்தது. அது பரீட்சை பயம் என்று திடுக்குமானி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பத்தேழாவது காட்சிக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள் நின்றிருந்தார். கண்ணாடிக்குள் மரப்பெட்டியும் பித்தளைக் கைப்பிடியுமாக ஒரு காபி மெஷின். கீழே ஒரு சிறு அட்டை: ‘எடை கூடியதால் பையிலிருந்து எடுக்கப்பட்டது. 900 கிராம்.’ அம்மாள் நகர்வதாக இல்லை. பூங்கோதை நல்ல மனசுக்காரி. தன் தலை போகிற அவசரத்திலும் பிறத்தியாருக்கு மார்க் போவதைப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை.

“அம்மா, இதுல நிக்காதீங்க. எட்டு மார்க்தான். அடுத்த ரூம்ல பெரிய மார்க் இருக்கு.”

மொழிமாற்றி அதை அந்த ஊர்ப் பாஷையில் அம்மாளின் காதில் சொன்னது. அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய பதிலை அது பூங்கோதையின் காதில் தமிழாக்கியது. மொழிமாற்றி யாரையும் செய்தி வாசிப்பவரைப் போலத்தான் பேசவைக்கும்.

“இது என் தாயாருடையது. எடை மேடையில் அவர் கையிலிருந்து இதை வாங்கிக்கொண்டார்கள். நான் இங்கே பிறந்தவள் என்பதால் என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவேன்.”

பூங்கோதை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

இருபத்து மூன்று. ஒன்றுகூட ஏறவில்லை. ச்சே, இதுக்குமா ஏறல என்று நினைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். அம்மாளின் பார்வையும் அவள் மணிக்கட்டில்தான் இருந்தது. அந்த முகத்தில் கோபம் இல்லை. பல பேரிடம் பல ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிப்போன முகம்.

“ஏறியதா?” என்று கேட்டார்.

பூங்கோதைக்குக் காலடியில் தரை நழுவியது. எட்டு வயதில் தாயைப் பறிகொடுத்த ஒருத்தி எதிரில் நின்று அதைச் சொல்கிறாள், நான் என் கையைப் பார்க்கிறேன். நானா? நறுமுகையைப் பெற்ற நானா? வாயைப் பொத்திக்கொண்டாள். முதுகெல்லாம் சில்லிட்டது. மணிக்கட்டில் எண் கடகடவென்று ஓடி, தொண்ணூற்று நான்கில் போய் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. கூடத்து மணி அடித்து, காவல் இயந்திரம் ஒன்று வந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் வாசலில் மாசிலாமணி சார் மாலையோடும் கேமராவோடும் நின்றிருந்தார். அந்த வருடத்தில் அந்த ஊரிலேயே அதுதான் முதல் மதிப்பெண். மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ள, பிழைத்தோம் என்ற சந்தோஷத்தில் பூங்கோதை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

“என்னைப் பார்த்தே எனக்கு அதிர்ச்சி ஆயிடுச்சு சார்.”

“இதை மறுபடி சொல்லும்மா, கேமராவைப் பார்த்து” என்றார் சார்.

மறுநாளே ‘தன்னதிர்ச்சி முறை’ பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது. நாற்பத்தேழுக்குப் போக வேண்டும். அம்மாளிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். பிறகு, வெட்கப்பட வேண்டும். அடுத்த ஞாயிறு காபி மெஷின் முன்னால் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மாளும் பாவம், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு தணிகைவேலின் முறை. அவன் மனைவியின் பேட்டியைப் பத்தொன்பது தடவை பார்த்திருந்தான்.

“அதைப் பாக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்” என்று காலையில் பூங்கோதை புலம்பினாள்.

“ஊரே பாக்குது, நான் பாக்காம போனா எப்படி? பயப்படாத. வழி தெரிஞ்சிடுச்சில்ல.”

அவன் நேராக நாற்பத்தேழுக்குப் போனான். அம்மாள் சொன்னார், களைத்த குரலில். ஆமாம், கோதை சொன்ன அதே வார்த்தை என்று அவனுக்குத் திருப்தியாக இருந்தது. மணிக்கட்டைப் பார்த்தான். ஏறவில்லை. ஏறக்கூடாதுதானே, அதுதானே வழி என்று மேலும் திருப்தியானான். அடுத்து வெட்கத்துக்காகக் காத்திருந்தான். பின்னால் நின்றவன், “சார், கொஞ்சம் சீக்கிரம்” என்றான். தொண்ணூறு நிமிட முடிவில் நாற்பத்தொன்று.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் அருங்காட்சியகத்துக்கு வரவில்லை.

தணிகைவேலுக்கு வந்த ஓலையில் பதினான்கு நாள் கெடு, ஒரு பை, இருபது கிலோ என்று இருந்தது. பழைய சட்டத்தின் அந்த ஒரு வரியை மட்டும், சுருக்கமாக இருக்கிறதே என்று யாரும் மாற்றியிருக்கவில்லை. திரும்பி வர வழியில்லை. பூங்கோதை மகளுக்காக இருந்தாக வேண்டும்.

“நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்ங்க” என்று பையில் துணி அடுக்கும்போது அழுதாள்.

“விடு. நீ சொல்லலன்னாலும் சார் எப்படியாவது கண்டுபிடிச்சிருப்பாரு.”

அவள் துணிகளுக்கு நடுவில் பித்தளை ஃபில்டரைச் சுருட்டி வைத்தாள். கல்யாணத்தின்போது அவள் அம்மா கொடுத்தது. காலையில் முதல் டிக்காஷன் அவன்தான் இறக்குவான். போகிற இடத்தில் அவன் நல்ல காபியாவது குடிக்கட்டும் என்று நினைத்தாள்.

ரயில் நிலையத்தில் எடை மேடை மீது பையை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இருபது கிலோ நானூற்றைம்பது கிராம். ஒரு பொருளை எடுக்கவும்” என்றது அதிகார இயந்திரம். குரல் மிக மரியாதையாக இருந்தது. பின்னால் நீள வரிசை. தணிகைவேல் பைக்குள் கையை விட்டான். முதலில் தட்டுப்பட்டது ஃபில்டர்.

அவன் அதை எடுத்து நீட்டினான். பூங்கோதை கையை நீட்டுவதற்குள் இயந்திரம் வாங்கிக்கொண்டது.

“அது எங்களுது, குடுங்க!”

“மேடையில் எடுக்கப்படும் பொருள்கள் அருங்காட்சியகத்துக்கு உரியவை, அம்மணி. சென்ற முறை பெரும்பாலானவற்றைத் தொலைத்துவிட்டோம். அந்தத் தவறு மீண்டும் நிகழாது.”

வரலாற்றிலிருந்து அவர்கள் பாடம் கற்றுக்கொள்ளவில்லை என்று யார் சொன்னது? பூங்கோதையின் மணிக்கட்டு துடிதுடித்தது. தொண்ணூற்றெட்டு. அவள் அந்தக் கையை இயந்திரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாருங்க! இதைப் பாருங்க! இதை அவருக்குப் போடுங்க!” என்று கத்தினாள். நறுமுகை அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அருங்காட்சியகத்துக்கு வெளியே ஏற்படும் அதிர்ச்சி கணக்கில் சேராது, அம்மணி” என்றது இயந்திரம். “அடுத்தவர் வரலாம்.”

ஒரு வருடம் ஓடியது. பூங்கோதையின் முறை மீண்டும் வந்தது. இந்தத் தடவை அவள் எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. நறுமுகையைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற காட்சிகளை ஏறிட்டும் பார்க்காமல், கடைசி அறைக்கு நடந்தாள். நூற்றுப் பன்னிரண்டாவது காட்சி. கண்ணாடிக்குள் அவர்கள் வீட்டு ஃபில்டர் பளபளவென்று இருந்தது. நன்றாகத் துலக்கி வைத்திருந்தார்கள். கீழே ஓர் அட்டை: ‘எடை கூடியதால் பையிலிருந்து எடுக்கப்பட்டது. 450 கிராம்.’ அம்மாவும் மகளும் அதன் முன்னால் நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

கையில் மாசிலாமணி சாரின் குறிப்புத்தாளோடு ஓர் இளைஞன் வேகமாக வந்தான். அவர்களைத் தாண்டிப் போனவன், மனசு கேட்காமல் திரும்பி வந்தான்.

“அக்கா, இதுல நிக்காதீங்க. எட்டு மார்க்தான்.”

நறுமுகைதான் பேசினாள்.

“இது எங்க வீட்டு ஃபில்டர். எங்கப்பா கையில இருந்து வாங்கிட்டாங்க.”

இளைஞன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, குழந்தையின் உயரத்துக்கு வந்து, மிகவும் அன்பாகக் கேட்டான்:

“மூணு ஏறிச்சு பாப்பா. இன்னொரு தடவை சொல்லும்மா.”