ஆறாவது கிறீச்

ட்ரிங்... ட்ரிங்...

சின்ன காஞ்சிபுரம். முருகேசனின் பட்டுக்கடை. புதன்கிழமை காலை பத்து மணி.

முதலாளி முருகேசன் ரிசீவரை எடுத்தார். கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். நெய்து முடித்த சேலையோடு எதிரே நின்றிருந்த நெசவாளி கண்ணாயிரத்திடம் ரிசீவரை நீட்டினார்.

"உனக்குத்தாம்பா."

"எனக்கா மொதலாளி?"

நாற்பத்திரண்டு வயதில் கண்ணாயிரத்துக்கு வந்த முதல் போன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். தலைகீழாகப் பிடித்தான். முருகேசன் திருப்பி வைத்தார்.

"அலோ..."

"கண்ணாயிரம்தானே?"

குரல் கரகரத்தது. வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"ஆமாங்க... நீங்க?"

"டீக்கடை போர்டுல எழுதி வெச்சிருக்கியே, அதை அழிச்சுடு. ஞாயித்துக்கிழமை மதிவாணன் செத்தான்னா... திங்கக்கிழமை உனக்குப் பால் ஊத்த வேண்டி வரும்."

டொக்.

கண்ணாயிரம் பட்டுச் சேலைக் குவியல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேறொரு நாளாக இருந்திருந்தால் முருகேசன் அதற்கே அவனைக் கொன்றிருப்பார்.

"என்னாப்பா? யாரு?"

"தெரியலீங்க. மதிவாணன் செத்தா என்னையும் கொன்னுடுவாங்களாம்."

"அடப்பாவமே. மதிவாணன் யாரு, உனக்கு ஒறவா?"

"ரேடியோவுல வர்றவருங்க."

முருகேசன் சேலையை அவனுக்கடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டார்.

மதிவாணன்!

குளிர்மதி தைலக் கம்பெனியார் ஞாயிறுதோறும் பகல் ஒன்றரை மணிக்கு வழங்கும் 'நேற்று வருவேன்' நாடகத்தின் நாயகன். தாத்தா வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடினால் போதும், பழைய காலத்துக்குப் போய்விடுவான். கிறீச்... கிறீச்... என்று ஊஞ்சல் சத்தம் கேட்டதும், ஊரில் பாதிப்பேர் சோற்றில் கையை வைத்தபடி உறைந்து போவார்கள்.

அந்த நாடகத்தில் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பதை இந்த வாரமே சொல்லிவிடுகிறவன் நம் கண்ணாயிரம். திங்கட்கிழமையானால் கலியன் டீக்கடைப் போர்டில் சாக்பீஸால் எழுதுவான். அதையே ஒரு கார்டில் எழுதி, தன் விலாசத்தோடு தைலக் கம்பெனிக்கும் போடுவான்.

மூன்றாம் வாரம், மதிவாணன் பல்லவர் காலத்துக் கிணற்றில் விழுவான் என்றான். விழுந்தான்.

எட்டாம் வாரம், ஒரு கழுதை அவன் உயிரைக் காப்பாற்றும் என்றான். காப்பாற்றியது.

பதினொரு வாரம். பதினொன்றும் பலித்தது!

அதற்கு முன்னால் அவனுக்குத் தெருவில் இருந்த பெயர் 'இழையறுத்தான்'. பராக்குப் பார்த்துக்கொண்டே நெய்து, நாளுக்கு நாலு இழையாவது அறுப்பான். இப்போது 'கணிப்புக் கண்ணாயிரம்'. கலியன் அவனுக்கு மட்டும் டீயைக் கண்ணாடி டம்ளரில் கொடுக்கிறான். இந்தப் பன்னிரண்டாம் கணிப்பு தப்பினால், மறுபடியும் அவன் இழையறுத்தான்தான்.

இந்த வாரப் போர்டில் எழுதியிருந்தது இதுதான்.

'ஆறாவது கிறீச்சில் ஊஞ்சல் சங்கிலி அறும். மதிவாணன் மரணம்.'

அதை எழுதும்போது அவன் அழுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷன்.

ஏட்டு யேசுதாஸ் மேஜையில் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா கண்ணாயிரம். நீயாவது கணிச்சுச் சொல்லு. உன் தெருமுனை வெளக்குக் கம்பத்துல தொங்கிக்கினு இருந்துச்சே தபால் பெட்டி, அதை எவன் தூக்கிக்கினு போனான்? திங்கக்கிழமை சாயந்தரத்துலேருந்து காணோம்."

"பெட்டி கெடக்கட்டும் ஏட்டய்யா. என் உசுரு போவப்போவுது."

போன் விஷயத்தைச் சொன்னான். யேசுதாஸ் முழுசாகக் கேட்டார்.

"கொலை மிரட்டல்தான்... சரி, அந்த ஆளு நெசமாவே சாவப்போறானா?"

"ஆமா ஏட்டய்யா. மொத வாரத்துலேருந்து எண்ணிக்கினு வர்றேன். மொதல்ல சத்தமே இல்ல. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு கிறீச் கூடுது. போன வாரம் அஞ்சு. தறிக்கயிறு தேயறப்போ இப்பிடித்தான் சத்தம் கூடும். காது கேட்டுப் பழகினவனுக்குத் தெரியும். ஆறாவதுல அறுந்துடும்."

"அடடா... என் சம்சாரம் தாங்க மாட்டாளே." யேசுதாஸ் உண்மையாகவே வருத்தப்பட்டார். "பேசாம போர்டை அழிச்சுடேன்."

"அழிக்க மாட்டேன்."

"உசுரு பெருசா, போர்டு பெருசா?"

"அந்தப் போர்டுனாலதான் ஏட்டய்யா நாலு பேரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடறாங்க."

யேசுதாஸ் தலையிலிருந்து கையை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை உன் வூட்டுக்குக் காவலுக்கு வர்றேன். அமாவாசைதானே அன்னிக்கு? கிருஷ்ணவேணி வடை சுடுவாளா?"

வீட்டில் அவன் மனைவி கிருஷ்ணவேணி வேறு மாதிரி கேட்டாள். தறியில் இவன் ஒரு பக்கம், சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ள அவள் மறுபக்கம். ஆகவே தப்பித்து ஓட வழியில்லை.

"ஏன்யா, கட்டினவ வேணுமா, ரேடியோக்காரன் வேணுமா?"

"நீதான் வேணும் வேணி."

"அப்ப அழிச்சுட்டு வா."

"அழிச்சா, பயந்துட்டான்னு சொல்லுவாங்க. தப்பாப் போனா இழையறுத்தான்னு சொல்லுவாங்க. சரியாப் போனா பால் ஊத்துவாங்க. நான் இன்னாதான் பண்றது, நீயே சொல்லு."

அவன் அப்போதுதான் ஓர் இழையை அறுத்திருந்தான். அவள் அதை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை.

அமாவாசை. தெருவே அமைதி. எந்த வீட்டிலும் தறிச்சத்தம் இல்லை. அமாவாசையன்று தறி மேல் கை வைக்கிற நெசவாளி காஞ்சிபுரத்தில் கிடையாது.

மணி ஒன்று. அடுப்படியில் ஏட்டு யேசுதாஸ் ஏழாவது வடையில் இருந்தார். தெரு ஜனம் ரேடியோ கேட்க ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டிருந்தது.

டக்... டக்... டக்...

கதவைத் திறந்தான் கண்ணாயிரம்.

பட்டு ஜிப்பா. கறுப்புக் கண்ணாடி. ரெண்டு ஆளுக்குப் பங்கு போடலாம்போல் ஒரு மீசை. கையில் கனமான தகரப் பெட்டி.

"நான் பெங்களூர் பட்டு வியாபாரி," என்றது கரகரத்த குரல். "இருபது வருஷமா இதே தொழில். உங்க கைநேர்த்தியைப் பத்திக் கேள்விப்பட்டேன்."

தன் கைநேர்த்தியைப் பற்றி ஒருவன் கேள்விப்பட்டிருக்கிறான் என்றதுமே கண்ணாயிரத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உச்சி குளிர்ந்து உள்ளே கூப்பிட்டான்.

"உக்காருங்க. வேணி, தண்ணி கொண்டா."

"தண்ணி இருக்கட்டும். கொஞ்சம் தறியை ஓட்டிக் காட்டுங்களேன். பார்த்துக்கிட்டே பேசலாம்."

சொம்போடு வந்த கிருஷ்ணவேணி நின்றாள்.

"எத்தினி வருஷமா வியாபாரம்னு சொன்னீங்க?"

"இருபது வருஷம்மா."

"இருபது வருஷமாப் பட்டு வாங்கறவருக்கு அமாவாசையில தறி ஓடாதுன்னு தெரியாதா?"

ஆள் விழித்தான். வியர்வையில் மீசையின் ஒரு பக்கம் மெல்ல இறங்கியது.

"ஏட்டய்யா!"

கிருஷ்ணவேணி போட்ட சத்தத்தில் யேசுதாஸ் வடையோடு ஓடி வந்தார். ஆள் பாய்ந்தான். கதவைப் பார்த்துத்தான் பாய்ந்தான். ஆனால் நெசவாளி வீட்டில் தரையைப் பார்த்து ஓட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

தொபீர்!

நேராக, நெய்கிறவன் காலை விட்டு உட்காரும் தறிக்குழியில் விழுந்தான்.

"அம்மாஆஆ...!"

கரகரப்புப் போய்விட்டது. கணீரென்ற குரல். ஜன்னலோரம் நின்ற கூட்டம் மூச்சை நிறுத்திக்கொண்டது. கண்ணாயிரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இந்தக் கொரலு... மூணாம் வாரம் பல்லவர் கெணத்துல வுழுந்தப்போ இப்பிடித்தான் கத்தினாரு. மதிவாணன்!"

குழிக்கு முன்னால் கைகூப்பி நின்றான்.

"ஐயா... எந்த வருஷத்துலேருந்து வர்றீங்க?"

"மெட்ராஸ்லேருந்து வர்றேங்க. பஸ்ல," என்றான் குழிக்குள் கிடந்தவன். "எம்பேரு சிட்டிபாபு. மதிவாணனா நடிக்கிறவன் நான்தான். முதல்ல தூக்கி விடுங்க."

தூக்கி விட்டார்கள். கிருஷ்ணவேணி அதற்குள் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டிருந்தாள்.

உள்ளே சிவப்பாக, வட்டமாக, பூட்டோடு... தபால் பெட்டி!

"அடப்பாவி," என்றார் யேசுதாஸ். "இதுக்குத்தானே அஞ்சு நாளா சைக்கிள் மிதிச்சேன்? கவர்மெண்ட் சொத்துய்யா இது."

"வேற வழி தெரியலீங்க ஏட்டய்யா." சிட்டிபாபு மிச்ச மீசையையும் பிய்த்துப் போட்டான். "இவர் கணிப்பு ஏன் தப்பாம பலிக்குது தெரியுமா? எங்க கம்பெனி கதாசிரியருக்கு ஒரு கற்பனையும் கிடையாது. செவ்வாக்கிழமை இவர் கார்டு வரும். அதைப் பார்த்து அப்படியே எழுதிடுவார். எட்டாம் வாரம் இவர் கழுதைன்னு எழுதினார். கழுதையா கத்தினதும் நான்தான்."

ஜன்னலோரத் தலைகள் எல்லாம் கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பின.

கண்ணாயிரம் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ... நான் ஒண்ணும் கணிக்கலியா? பதினொண்ணும் காப்பியா?"

"ஆமாங்க. இதைச் சொல்லிட்டு, மதிவாணனுக்கு ஒரு கல்யாணம் எழுதச் சொல்லலாம்னுதான் திங்கக்கிழமை இங்க வந்தேன். பார்த்தா, டீக்கடைல என் மரண அறிவிப்பு! நீங்க கார்டைப் பெட்டில போடறதையும் பார்த்தேன். அதான் பெட்டியோட கழட்டிட்டேன். நீங்க வேற கார்டு எழுதிடக் கூடாதேன்னு, புதன்கிழமை சேலை கொடுக்கப் போவீங்கன்னு டீக்கடைல விசாரிச்சு, உங்க முதலாளி கடைக்குப் போன் போட்டு மிரட்டினேன். இன்னிக்கு வியாபாரியா வந்து நைசாப் பேசி உங்களைக் கல்யாணம் எழுத வெச்சுட்டு, பெட்டியையும் திரும்ப மாட்டிட்டுப் போயிடலாம்னு பார்த்தேன். எனக்கு எலியைக் கொல்லக்கூடத் தெரியாதுங்க. இந்த வேஷம் போச்சுன்னா எனக்கு வேற வேஷம் கிடையாது."

ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அட இழையறுத்தான்..." என்று ஒரு குரல். கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டான். உயிர் தப்பியது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கிருஷ்ணவேணி எழுந்து போய் ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினாள்.

"இன்னிக்கு மதிவாணன் சாக மாட்டான்," என்றான் சிட்டிபாபு, ஜிப்பாவைத் தட்டிக்கொண்டே. "கார்டும் போகல, நானும் போகல. வியாழக்கிழமை ரெக்கார்டிங். சொல்லாம கொள்ளாம நின்னுட்டேன். நான் இல்லாம என்னை எப்படிச் சாகடிப்பாங்க?"

மணி ஒன்றரை. ரேடியோ இருமிவிட்டுப் பேசியது.

"தலைவலியா? குளிர்மதி தைலம்! வழங்குவது... நேற்று வருவேன்!"

கிறீச்...

கண்ணாயிரத்தின் விரல்கள் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தன.

கிறீச்... கிறீச்...

மூன்று.

கிறீச்...

நான்கு.

கிறீச்...

ஐந்து. சிட்டிபாபு புன்னகையோடு ஒரு வடையை எடுத்தான்.

கிறீச்...

ஆறு!

படார்!

ரேடியோவில் ஒரு பெண் அலறினாள். "ஐயோ, ஊஞ்சல் அறுந்துவிட்டதே! மதிவாணன்... ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போய்விட்டீர்களே!"

பின்னால் வயலின் அழுதது. அறிவிப்பாளர் வந்தார். "அடுத்த வாரம் முதல், மதிவாணனின் தம்பி இளவழகனாக ஒரு புதிய குரல்... கேட்கத் தவறாதீர்கள்!"

சிட்டிபாபுவின் கையிலிருந்த வடை தறிக்குழியில் விழுந்தது.

"ரெக்கார்டிங்குக்குப் போகலன்னு... என்னைத் தீர்த்துட்டாங்க," என்றான் ஈனஸ்வரத்தில். "போயிருந்தா உயிரோட இருந்திருப்பேன்."

கண்ணாயிரம் மெல்ல நிமிர்ந்தான்.

"ஏட்டய்யா... அந்தப் பெட்டியைக் கொஞ்சம் ஆட்டுங்க."

யேசுதாஸ் ஆட்டினார். உள்ளே கடிதங்கள் சலசலத்தன. பூட்டு உடையவே இல்லை.

"என் கார்டு உள்ளதான் இருக்குது. அங்க போவல. யாரும் பாத்து எழுதல." அவன் குரல் உடைந்தது. "அப்போ இது... இது நானே சொன்னது வேணி. நெசமாவே நான் சொன்னது."

அவன் கண்களில் தண்ணீர். கிருஷ்ணவேணி முந்தானையால் துடைத்துவிட்டாள். இத்தனை பேர் பார்க்கத் துடைத்துவிட்டது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு வெளியே டீக்கடைக் கலியன் கத்தினான்.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு! நம்ம கணிப்புக் கண்ணாயிரம்பா!"

யேசுதாஸ் ஒரு தோளில் தபால் பெட்டியை ஏற்றினார். மறு கையால் சிட்டிபாபுவின் ஜிப்பாவைப் பிடித்தார்.

"நடப்பா, ஸ்டேஷனுக்கு."

வாசற்படியில் சிட்டிபாபு திரும்பினான். கண்ணாயிரத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அண்ணே, உங்க வாக்கு பலிக்குது. கோர்ட்டுல எனக்கு எவ்வளவு கிடைக்கும்? அதை மட்டும் சொல்லிடுங்கண்ணே."

கண்ணாயிரம் கண்ணை மூடினான். விரல்களை மடக்கி எண்ணினான். வாயைத் திறந்தான்...

யேசுதாஸ் பாய்ந்து வந்து அந்த வாயைப் பொத்தினார்.

"சொல்லிடாத கண்ணாயிரம். நீ மூணு மாசம்னு சொல்லுவ... இந்தப் புண்ணியவான் அதைத் தடுக்கறேன்னு கெளம்பி, ஆயுள் தண்டனை வாங்கிக்கினு வந்து நிப்பான்!"