ஏழு பேருக்கு அளவு

கப்பல் கல்லூரியின் தையல் அறையை டெய்லரம்மா அன்றும் ஏழரைக்குத் திறந்தாள். வெளியே நல்ல மழை. மிஷினுக்கு எண்ணெய் விட்டு நிமிர்வதற்குள் பிரின்சிபாலே நேரில் வந்து நின்றார். கப்பலில் கேப்டனாக இருந்துவிட்டு வந்த பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“அம்மா, இந்த வருஷ அணிவகுப்புல அந்த நாற்காலி வேண்டாம்னு பாக்குறோம். பொண்ணுங்க முதல் பேட்ச் படிச்சு முடிச்சு வெளிய போற நாள். பெத்தவங்க அதைப் பாத்து கலங்கிப்போறாங்க. பேர்களை மட்டும் சுவர்ல பொறிச்சிடலாம். ஆனா நீங்க சரின்னாத்தான்.”

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பயிற்சிக்குப் போன கப்பல் ஒன்று ஏழு மாணவர்களோடு மூழ்கியது. ஓர் உடல்கூடக் கரை சேரவில்லை. ஏழு பேரில் ஒருவன் டெய்லரம்மாவின் ஒரே மகன். அதற்கப்புறம்தான் கல்லூரி அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்தது. அணிவகுப்பன்று முன்வரிசையில் காலி நாற்காலி ஒன்று போட்டு, ஒரு வெள்ளை யூனிஃபார்மை அதில் மடித்து வைப்பது அப்போதிலிருந்து வழக்கம். வருஷா வருஷம் அதை அவள்தான் தைப்பாள், மகனுடைய அளவில்.

“சரிம்மா,” என்றாள். சொன்னதும் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

மத்தியானம் எல்லோரும் ஒத்திகைக்குப் போய்விட்டார்கள். மழைக்கு நடுவே மைதானத்து பேண்டு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. மூலையிலிருந்த திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

“அம்மா, அளவு எடுக்கணும்.”

மாணவர்கள் எல்லோரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். “நாளன்னைக்கு அணிவகுப்பு, துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?” என்று திட்டிக்கொண்டே டேப்போடு போனாள்.

முதுகைக் காட்டி நின்றான். தலையிலிருந்து சொட்டச் சொட்ட ஈரம். மழையில் நனைந்திருக்கிறான் என்று நினைத்தாள். தோள், பதினேழரை. கை, இருபத்துநாலே கால்.

டேப்பைப் பார்க்காமலே அந்த எண்கள் அவள் வாயில் வந்துவிட்டன.

டீசல் வாடை அடித்தது. அதற்கடியில், வெகுநாள் வெளிச்சம் படாத தண்ணீரின் வாடை.

“கண்ணு...”

“எனக்கு மட்டுமே தைக்கிறியேம்மா,” என்றது குரல், முணுமுணுப்பாக. “மத்தவங்க வெளிய நிக்கிறாங்க. அவங்களுக்குக் குளிருதும்மா.”

தோளைப் பிடித்துத் திருப்பக் கை நீட்டினாள்.

அங்கே நின்றது வேறொரு முதுகு.

அவன் போனதும் இன்னொருவன். ஒருவன் ஒல்லி. ஒருவனுக்கு இடது தோள் இறக்கம். யாரும் முகம் காட்டவில்லை. “மூச்சைப் பிடிக்காதேப்பா, அளவு தப்பிடும்” என்று பழக்கதோஷத்தில் ஒருவனிடம் சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகனைத் தவிர மற்ற ஆறு பேரின் அளவையும் நோட்டில் எழுதி முடித்தபோது தரையெல்லாம் தண்ணீர்.

நனைந்த நோட்டோடு பிரின்சிபால் அறைக்குப் போனாள். “நாற்காலி வேணும்மா. ஒண்ணு இல்ல, ஏழு.”

பிரின்சிபால் நோட்டைப் பார்த்தார். பழைய பீரோவைத் திறந்து, கப்பல் மூழ்கிய வருஷத்து மாணவர்களின் யூனிஃபார்ம் அளவுக் கோப்பை எடுத்து, இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டார். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

“இந்த அளவெல்லாம் யாரு கொடுத்தா?”

“அவங்களேதான்.”

பிரின்சிபால் போனை எடுத்து, முன்வரிசையில் ஏழு நாற்காலி போடச் சொன்னார்.

அணிவகுப்பன்று ஏழு யூனிஃபார்ம்களையும் அந்த முதல் பேட்ச் பெண்கள்தான் ஏந்தி வந்தார்கள். கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல நாற்காலிகளில் வைத்துவிட்டு, ஓரடி பின்வாங்கி சல்யூட் அடித்தார்கள். அழாதவர்கள் யாருமில்லை. யாரும் பயப்படவும் இல்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் டெய்லரம்மா துணிகளை எடுத்துவைக்கப் போனாள். முதல் சட்டையைத் தொட்டவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

காலரில் வியர்வை. முழங்கையில் கசங்கல். நாளெல்லாம் போட்டிருந்து, அப்போதுதான் கழற்றி மடித்த சட்டை மாதிரி. ஆறு நாற்காலியிலும் அப்படித்தான்.

மகனுடைய ஏழாவது நாற்காலிக்கு ஓடினாள். அவள் போட்ட இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது. அள்ளி முகத்தில் புதைத்துக்கொண்டாள். கஞ்சி வாசனை மட்டும்தான்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவன் மட்டும் வரவில்லை. இனி வரப்போவதுமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வெதுவெதுப்பான ஒரு கை அவள் தோளில் பதிந்தது.

“அழாதீங்கம்மா.”

வேறு யாரோ பெற்ற பிள்ளையின் குரல்.