முட்டளவுத் தண்ணீர்

தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

பாண்டியராஜன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. பனவடலிசத்திரத்தில் ஏற்றிய பிச்சிப்பூ மூட்டைகளின் வாசனை பின்கண்ணாடி இடுக்கு வழியே வந்து தொண்டையை அடைத்தது; வைப்பர் கிறீச்சிட்டு இழுத்தது; ஏழு மணிக்குள் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் இறக்காவிட்டால் மொட்டெல்லாம் விரிந்து, நேற்றைப் போலவே குப்பைக்குத்தான் போகும். நேற்று குப்பைக்கு அனுப்பியவன் தம்பி கணேசன். இதே ஓடையைப் பார்த்துப் பயந்து பிக்கப்பைத் திருப்பிக்கொண்டு போனவன். இன்றும் இன்னொரு பிக்கப்பில் பின்னாலேயே வருவதாகச் சொன்னான். ஆளைக் காணோம்.

போனைப் போட்டான்.

"ஏலே, எங்கன இருக்க?"

"டீக்கடையிலதாண்ணே. மழை கொஞ்சம் விடட்டும்."

"பயந்தாங்கொள்ளி! உனக்கெல்லாம் எதுக்குலே வண்டி? தள்ளுவண்டி வாங்கித் தாரேன், வெள்ளரிக்கா வித்துப் பொழ."

"நெல்லு லோடுன்னா பரவால்லண்ணே. பூவுக்கு வெயிட்டே கிடையாது. தண்ணி பின்பக்கத்தத் தூக்கிரும்."

"எனக்கு வண்டி ஓட்ட நீ சொல்லித் தாரியா? வைலே போன!"

ஓடை பெருகும் நாட்களில் பக்கத்து ஊர் மூக்காண்டி கம்போடு முன்னால் இறங்கி நடப்பார். அவருக்கு முழங்கால் நனைந்தால் வண்டிகள் பின்னாலேயே போகும். இடுப்பு நனைந்தால் திரும்பிவிடும். பாலத்து ஓரத்தில் அளவுகல் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. மூக்காண்டியின் காலைத்தான் பார்ப்பார்கள்.

இன்றும் நின்றார். யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பாலத்தின் நடுவில், முதுகைக் காட்டியபடி. தண்ணீர் முழங்காலுக்குத்தான். கையை உயர்த்தி, வா வா என்றார்.

"இதுக்குப் போயி பயந்திருக்கான் பாரு, மூதி."

முதல் கியரில் இறக்கினான். கரிசல் மண் கரைந்த கறுப்புத் தண்ணீர் பம்பரில் மோதிப் பிளந்து இரண்டு பக்கமும் வழவழவென்று விலகியது. சைலன்சர் தண்ணீருக்குள் போய்க் குடுகுடுவென்று கொப்பளித்தது. காலடியில் மிதியடி ஈரமாகி மெல்ல மிதந்தது. தம்பியின் பயந்த மூஞ்சியை நினைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை மிதித்தான். மார்க்கெட்டில் எல்லார் முன்னாலும் வைத்து அவனை நாலு வார்த்தை கேட்கவேண்டும்.

ஹெட்லைட் மூழ்கியது. தண்ணீருக்குள்ளிருந்தே மஞ்சளாக எரிந்தது.

பத்தடி முன்னால் மூக்காண்டி நடந்துகொண்டிருந்தார். முழங்கால் தண்ணீரில்.

போன் அடித்தது.

"அண்ணே, எறங்கிராத! இடுப்புக்கு மேல போவுதாம். மூக்காண்டி அண்ணாச்சி சொல்லுதாரு."

"போடா கூறுகெட்டவனே! அவருதாம்ல எனக்கு முன்னால நடக்காரு."

டீக்கடையில் யாரோ கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

"அண்ணே... அவரு இங்கன என் பக்கத்துல நின்னு டீ குடிக்காரு."

போனுக்குள் தம்பிக்குப் பின்னாலிருந்து மூக்காண்டியின் கரகரத்த குரல் கத்தியது. "தம்பி, ரிவர்ஸ் எடுப்பா! ரிவர்ஸ் எடு!"

"அங்கனயே இரு, நான் வாரேன்" என்றான் கணேசன். போன் அணைந்தது.

ரிவர்ஸ் போட்டான். சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. பின்பக்கம் மெல்ல எழும்பி, தொட்டில் போல ஒருமுறை அசைந்து, ஓடையின் பக்கமாகத் திரும்பியது. என்ஜின் இருமி நின்றது. சாவியைத் திருப்பினான். உள்ளே எதுவோ கடக்கென்று உடைந்தது. கதவைத் தோளால் இடித்தான். வெளியே ஆள் நின்று அழுத்திப் பிடித்திருப்பது போல இருந்தது. கண்ணாடி பாதி இறங்கி நின்றுவிட்டது.

தண்ணீர் மடிக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது.

முன்னால் நடந்த அந்த ஆள் நின்றான். அவனுக்கு முழங்கால்தான்.

கழுத்துக்கு வந்தது.

முழங்கால்தான்.

அந்த ஆள் மெதுவாகத் திரும்பினான். சாக்குக்குள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல்.

பிறகு குளிரவில்லை.

பாண்டியராஜன் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். பிக்கப்பைக் காணோம். பிச்சி மொட்டுகள் வெள்ளை வெள்ளையாக அவனைச் சுற்றி மிதந்து போயின. அவற்றின் வாசனை வரவில்லை. தலையில் எதுவோ கனத்தது. தொட்டுப் பார்த்தான். ஈரச் சாக்கு.

கரையில் இரண்டு ஹெட்லைட்டுகள் வந்து நின்றன. மூக்காண்டிக்குக்கூடக் காத்திராமல் தனியாகவே விரட்டிக்கொண்டு வந்திருந்தான் கணேசன். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினான்.

"அண்ணே! நீதானா? வண்டி எங்கண்ணே?"

வராதே என்று கத்தினான் பாண்டியராஜன். உடம்பு முழுக்கக் கத்தினான். வாய் திறக்கவே இல்லை.

கணேசன் அண்ணனின் காலைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அழுகையும் சிரிப்புமாகக் கேட்டான்.

"முட்டளவுதானாண்ணே? நான் செத்தே போயிட்டேன். அங்கனயே நில்லு, வந்து ஏத்திக்கிடுதேன்."

போடா. திரும்பிப் போடா. என் தம்பி, போயிருடா.

கை தானாக உயர்ந்தது. வா வா என்று அசைந்தது.

அப்போதுதான் வாய் திறந்தது. அவனுடைய குரல்தான். அதே கோபம்.

"வாலே, பயந்தாங்கொள்ளி."

கணேசன் கியரைப் போட்டான்.